மழைக்கோட்டுப் படத்தின் முடிவு

"கடைசியில அவ அவனைச் சுடறாளா இல்லையா?" என்று மேனேஜர் கேட்டபோது தியேட்டர் ஊழியர் டார்ச்சின் ஒரு கையில் டிக்கெட் ஸ்கேன் செய்யும் கருவியும், இன்னொரு கையில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் குழந்தைச் செருப்பும் இருந்தன.

"எந்தப் படத்துல மேடம்?"

"உங்க மழைக்கோட்டுப் படம்தான் சார். எண்பத்து நாலு தடவை பாத்தேன், எண்பத்து நாலு தடவை பாத்தேன்னு பாப்கார்ன் மெஷின்கிட்டகூடச் சொல்லியிருக்கீங்களே."

சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லி வருகிறார். மூன்று திரைகள் கொண்ட இந்தக் கண்ணாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் அப்போது ஒரே திரையும், ஒரு பால்கனியும், கிறீச்சிடும் மின்விசிறிகளும் கொண்ட தியேட்டர் இருந்தது. இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் டார்ச்.

மாலைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் புதுப் படம் ஓடும். மூன்று மணிக் காட்சிக்கு மட்டும் ஏதாவது பழைய கறுப்பு வெள்ளைப் படம். அப்படி வந்ததுதான் அது. கதாநாயகன் முதல் ரீலில் மாட்டிய மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை என்பதால் ஊழியர்கள் வைத்த பெயர் மழைக்கோட்டுப் படம். பன்னிரண்டு வாரம் ஓடியது. வாரத்துக்கு ஏழு காட்சி. எண்பத்து நாலு. அதில் பொய் இல்லை.

ஆனால் எண்பத்து நாலில் ஒரு காட்சியில்கூட அவர் முடிவைப் பார்த்ததில்லை.

கடைசி ரீல் ஆரம்பித்ததும் ஹாலில் திரைக்கு நேர் எதிரே இருக்கும் பின்கதவுக்குப் போய், திரைக்கு முதுகைக் காட்டி, தாழ்ப்பாளில் கை வைத்து நிற்க வேண்டும். படம் முடிந்து திரையில் 'வணக்கம்' அட்டை விழுந்ததும் கதவைத் திறக்க வேண்டும். கூட்டம் நெரியக் கூடாது. அது முதலாளியின் உத்தரவு. மேற்குப் பார்த்த கதவு என்பதால் பிற்பகலில் தாழ்ப்பாள் கையைச் சுடும். டார்ச்சுக்கு அந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிஷம் என்றால் உள்ளங்கைச் சூடுதான் ஞாபகம்.

"சொல்லுங்க சார், சுடறாளா?"

"ஏன் மேடம் திடீர்னு?"

மேனேஜருக்கு இருபத்தெட்டு வயது. மூச்சு விடாமல் பேசுவாள். ஆனால் மரியாதை குறையாது.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு இங்க புதுப் படத்தோட ஸ்பெஷல் ஷோ. டைரக்டரே வர்றார். இந்த த்ரில்லருக்கு விதை போட்டது இதே இடத்துல பாத்த ஒரு பழைய படம்தான்னு எல்லாப் பேட்டியிலயும் சொல்றார். எந்தப் படம்னு கேட்டா, உங்க மழைக்கோட்டு. அந்தக் காலத்துலேருந்து இங்க மிச்சம் இருக்கிறது நீங்களும், படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற, ரீல் வெக்கிற அந்தக் காலி இரும்புப் பெட்டியும்தான். பெட்டி பேசாது."

"நானும் அவ்வளவாப் பேச மாட்டேன் மேடம்."

"பேசணும் சார்." அவள் குரல் இறங்கியது. "ஹெட் ஆபீஸ்ல மறுபடி கேட்டாங்க. ஆளாளுக்குக் கையில போன் லைட் இருக்கு, சீட்டைக் காட்ட ஒரு ஆள் எதுக்குன்னு. அடுத்த மாச லிஸ்ட்ல உங்க பேர் இல்ல. மேடையில ரெண்டே நிமிஷம் நல்லாப் பேசுங்க. இவர் நம்ம தியேட்டரோட சரித்திரம், இவரை அனுப்பாதீங்கன்னு நான் எழுதறேன். சொல்லுங்க, முடிவு என்ன?"

டார்ச் செருப்பைப் பார்த்தார். செருப்பு உதவவில்லை.

"இப்பவே சொல்லிட்டா சப்புன்னு போயிடும் மேடம். மேடையில சொல்றேன்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "சூப்பர் சார்!"

மறுநாள் காலை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டை நின்றது. அதில் டார்ச்சின் புகைப்படம், திருட்டு வழக்கில் பிடித்து வந்து எடுத்தது போல. கீழே பெரிய எழுத்தில்: '84 முறை பார்த்தவர்! மேடையில் முடிவைச் சொல்கிறார்!'

படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புப் பெட்டி மேல் அவருக்குப் பொறாமை வந்தது.

வீட்டில் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த மழைக்கோட்டுப் படம் இருக்குல்ல, அது எப்படி முடியும்?" என்றார், ஏதோ தண்ணீர் வருகிறதா என்று கேட்பது போல.

அவள் மடித்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னைக் கேக்கறீங்களா?"

"நீயும் அங்கதானே வேலை பாத்தே."

"நான் டிக்கெட் ஜன்னல்ல உக்காந்திருந்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஜன்னலுக்குள்ள நீளுற கைங்கதான். ஆமா, முப்பது வருஷமா எங்க அண்ணனுக்கு, சம்பந்திக்கு, பால்காரருக்குன்னு அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கீங்களே?"

"முடிவு மட்டும் சொல்ல மாட்டேன். முடிவை நீங்களே பாருங்கன்னு விட்டுடுவேன்."

"அடப்பாவி மனுஷா! எங்க அண்ணன் அந்தப் படத்தைத் தேடி மூணு ஊர் அலைஞ்சார்!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மடித்த துணி சரிந்தது. டார்ச் சிரிக்கவில்லை. அடுத்த மாச லிஸ்ட் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது. போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். படம் எங்கேயும் இல்லை. ஒரு பாட்டு மட்டும் கிடைத்தது. அதிலும் பாதி.

அந்தப் பாதிப் பாட்டை இருவரும் பார்த்தார்கள். கதாநாயகி ஜன்னலோரம் நிற்கிறாள். ஜன்னல் பலகைகளின் நிழல் கோடு கோடாக அவள் முகத்தில் விழுகிறது. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஹாலே பெருமூச்சு விடும். டார்ச் விட்டதில்லை. அதைவிட நல்ல நிழல் வாசலிலேயே இருந்தது. டிக்கெட் ஜன்னலில் ஐந்து கம்பி. உள்ளே நாற்பது வாட் பல்பு. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தலைகுனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பாள்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த அஞ்சு நாப்பது பஸ்ஸை நினைச்சேன்."

அவளுக்கு வேலை ஐந்தரையோடு முடியும். ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறுவாள். அவரும் ஏறுவார். இரண்டே நிறுத்தம் கூடப் போய், இறங்கி, திரும்ப ஓடி வந்து மாலைக் காட்சிக்கு டார்ச்சைத் தூக்குவார். பன்னிரண்டு வாரத்தில் பஸ்ஸில் பேசியது எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. பதின்மூன்றாவது வாரம் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அதே வாரம் அவர் பெண் கேட்டுப் போனார்.

"பஸ்ஸை நினைச்சா வேலை நிலைக்குமா? ஆபரேட்டரைக் கேளுங்க. படத்தை ஓட்டினவர் அவர்தானே" என்றாள்.

முதலில் பழைய தியேட்டரின் கேன்டீன்காரருக்குப் போன் செய்தார். அவர் இப்போது மருமகனின் மரக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"முடிவா? துப்பாக்கிச் சத்தம் ஒண்ணு கேக்கும்டா. கேட்டதும் நான் ஸ்டவ்வை அணைப்பேன். யாரு சுட்டா, யாரு செத்தா, எனக்கெதுக்கு? கேஸ் மிச்சம்."

பிறகு ஆபரேட்டருக்கு. எண்பதை நெருங்கிவிட்டார், காது போய்விட்டது. அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

"யாரு? டார்ச்சா! உசுரோட இருக்கியா?"

"இருக்கேண்ணே. மழைக்கோட்டுப் படத்தோட முடிவு என்னண்ணே?"

"என்னது?"

"முடிவு! முடிவு!"

"முடிவை நான் எங்கடா பாத்தேன்? ரீலைச் சுத்துவேனா, விளக்குல எரியற கார்பனைப் பாப்பேனா, படத்தைப் பாப்பேனா? டேய், அந்தப் படம்னதும் ஞாபகம் வருது. உன்னைத் திட்டறதுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. அப்பவே திட்டியிருக்கணும், விட்டுட்டேன்."

"இப்பத் திட்டுங்கண்ணே."

"போன்ல திட்டினா ருசிக்காது. வெள்ளிக்கிழமை நேர்ல வரேன். எனக்கு ஒரு சீட் போட்டு வை."

இருப்பதை வைத்து டார்ச் ஒரு முடிவு தயாரித்தார். ஒரு துப்பாக்கிச் சத்தம். இருட்டு. தரையில் மழைக்கோட்டு. மழை. மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அழுகையும் போடுங்க" என்றாள்.

அழுகை போடாமல் மேனேஜரிடம் சொன்னார். மேடையில் சொல்வதாகத்தான் பேச்சு. ஆனால் அவள் மூன்று முறை கேட்டுவிட்டாள். அவள் அதை அப்படியே போனில் தட்டி டைரக்டரின் அலுவலகத்துக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் டார்ச்சின் போன் அடித்தது.

"சார், நான் டைரக்டர் பேசறேன். நீங்க இருட்டுன்னு சொன்னீங்களாமே?"

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் டார்ச் சமாளித்திருப்பார். அதில் இருந்தது பயம்.

"அது வந்து சார்..."

"வெள்ளை சார்! அது வெள்ளை! நான் அப்ப காலேஜ் முதல் வருஷம். கிளாஸைக் கட் அடிச்சிட்டு முன் பெஞ்சுல உக்காந்து பதினோரு தடவை பாத்தேன். கிடங்குல அவங்க ரெண்டு பேரும் நிப்பாங்க. ஒரே இருட்டு. அவ துப்பாக்கியைத் தூக்குவா. அப்படியே திரை பூரா வெளுத்துப் போயிடும்! சத்தம் மட்டும் கேக்கும். யார் சுட்டா, யார் விழுந்தா, ஒண்ணும் தெரியாது. இருட்டுலயே போற படத்தை வெளிச்சத்துல கொண்டுபோய் முடிச்சான் பாருங்க, அந்தப் படத்தை எடுத்த மனுஷன்! அந்த வெள்ளைக்காகத்தான் சார் நான் சினிமாவுக்கே வந்தேன்."

டார்ச்சுக்கு மனசு இளகியது. அதோடு வேலையும் ஞாபகம் வந்தது.

"ஆமா சார், வெள்ளைதான். வயசாயிடுச்சு, மாத்திச் சொல்லிட்டேன். பளிச்சுனு வெள்ளை."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "போதும் சார். நீங்கதான் என் சாட்சி. ஒரு பேராசிரியர், சினிமா விமர்சகர், நான் அந்தப் படத்தைப் பாத்ததே இல்லை, புளுகறேன்னு எழுதிக்கிட்டு இருக்கார். வெள்ளிக்கிழமை மேடைக்கு அவரும் வர்றார். அவர் முன்னால இதை அப்படியே சொல்லுங்க."

போனை வைத்ததும் டார்ச் மனைவியைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்றாள்.

"முன்ன பொய் மட்டும்தான் இருந்தது. இப்பச் சாட்சியும் ஆயிட்டேன்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஹால் நிறைந்தது. மேனேஜர் டார்ச்சை முன்வரிசையில் உட்காரவைத்தாள். சீருடையோடு, அதுவும் காட்சி நேரத்தில், நாற்காலியில் உட்காருவது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு முறை எழுந்து யாருக்கோ இடம் காட்டப் போனார். இரண்டு முறையும் மேனேஜர் தோளைப் பிடித்து அமர்த்தினாள். மனைவி கடைசி வரிசையில் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் காதில் யாராவது கத்த வேண்டுமே.

வாழ்க்கையில் முதல் தடவையாக டார்ச் ஒரு படத்தை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்.

பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் வந்தது. இது புதுப் படம்தானா? மழைக்கோட்டுக்குப் பதிலாகத் தலையை மூடும் சட்டை. அந்தக் காலத்து ஆள் சிகரெட் பற்றவைத்தால் தீக்குச்சி வெளிச்சத்தில் முகம் தெரியும். இவனுக்குப் போன் திரை வெளிச்சத்தில் தெரிகிறது. அவன் தன் கதையைத் தானே நமக்குச் சொல்லிக்கொண்டு போவான். இவன் யாருக்கோ குரல் செய்தி அனுப்புகிறான், அதை யாரும் திறந்து கேட்பதில்லை. ஜன்னல் பலகை நிழல் இருந்த இடத்தில் ஆபீஸ் கண்ணாடித் தடுப்பின் கோடுகள். மழை அப்படியே இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்கு வெளியே. யாரும் நனைவதில்லை.

வித்தியாசமும் இருந்தது. அந்தப் படத்தில் இருட்டில் ஒளிந்துகொண்டு தப்பு செய்வார்கள். இதில் ஒளிய இடமே இல்லை. மூலைக்கு மூலை கேமரா, எங்கே பார்த்தாலும் ட்யூப்லைட், எல்லாம் பளபளவென்று தெரிகிறது. இருந்தும் எவன் செய்தான் என்று தெரியவில்லை. அங்கே பெண் ஆளை ஏமாற்றுகிறவள். இங்கே அவள்தான் கண்டுபிடிக்கிறவள், அவளை எல்லோரும் ஏமாற்றுகிறார்கள்.

கடைசியில் ஒரு கார் நிறுத்துமிடம். எதிரே குற்றவாளி. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள்.

திரை வெளுத்தது. சுத்த வெள்ளை. ஒரே ஒரு சத்தம்.

டார்ச்சின் வலது கை தானாக எழுந்து காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். டார்ச் கையை மடியில் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் மேடையில் நாலு நாற்காலி போட்டார்கள். டைரக்டர், பேராசிரியர், மேனேஜர், டார்ச். டைரக்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஆனாலும் பரீட்சை எழுத வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். "பழைய குற்றப் படங்கள்ல ஒரு வகையை நாம நுவார்னு சொல்றோம். இருட்டு, மழை, புகை, ஏமாத்தற பெண், தோத்துப்போற ஆண். அதுல மனுஷன் தப்பிக்கவே முடியாது. ஏன்னா..."

ஏன்னாவுக்குப் பின்னால் பன்னிரண்டு நிமிஷம் போனது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரிய குரல் கேட்டது.

"என்னம்மா சொல்றான்?"

"இருட்டுங்கறார்ண்ணே!" என்று டார்ச்சின் மனைவி கத்தினாள்.

"கரன்ட் போச்சா?"

ஹால் சிரித்தது. பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தப் படம் நுவார்லேருந்து எல்லாத்தையும் எடுத்திருக்கு. ஒரே ஒரு இடத்துலதான் விலகுது. அந்த வெள்ளை முடிவு. நல்ல விலகல், நான் பாராட்டறேன். இந்தக் காலத்துல மனுஷனை இருட்டு அழிக்கலை, வெளிச்சம்தான் அழிக்குதுங்கற தத்துவம் அதுல இருக்கு. அது இவரோட சொந்தச் சரக்குன்னா சந்தோஷம். ஆனா அதையும் பழைய படத்துலேருந்துதான் எடுத்தேங்கறார். அது பொய்."

"பொய் இல்ல சார்" என்றார் டைரக்டர். "நான் பாத்தேன்."

"அந்தப் படத்துக்கு மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு பிரதி. ஆவணக் காப்பகத்துல இருக்கு. போன மாசம் போய்ப் பாத்தேன். முழுக்கப் பாத்தேன். வெள்ளையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"பதினோரு தடவை பாத்தேன் சார். பதினோரு தடவையும் வெள்ளை."

"அப்ப பதினோரு தடவையும் தூங்கிட்டீங்க."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அது டைரக்டரைப் பார்த்து. அவர் காது சிவந்தது. டார்ச்சைத் திரும்பிப் பார்த்தார்.

"இவரைக் கேளுங்க. எண்பத்து நாலு தடவை பாத்தவர். சொல்லுங்க சார்."

மேனேஜர் டார்ச்சின் கையில் மைக்கைத் திணித்தாள். அவள் கண்ணில் ஹெட் ஆபீஸுக்கு எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரி தெரிந்தது.

டார்ச் எழுந்தார். தண்ணீர் குடித்தார். "வணக்கம்" என்றார். அதுவரை எல்லாம் உண்மை.

"ஒரு நிமிஷம்" என்று பேராசிரியர் கை காட்டினார். "சாட்சி சொல்றதுக்கு முன்னால அந்தக் கடைசி ஷாட்டை எல்லாரும் ஒரு தடவை பாத்துடலாம். படம் பிடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்."

பின்னால் பெரிய திரையில் அது விழுந்தது. கறுப்பு வெள்ளை. ஈரத் தெரு. தூரத்தில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி இருட்டுக்குள் நடந்து போகிறாள். அவள் தோளில் அந்த மழைக்கோட்டு.

முப்பத்தைந்து வருஷம். எண்பத்து நாலு காட்சி. டார்ச் வாயைப் பிளந்தார். மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அடடே! கோட்டை அவ எடுத்துக்கிட்டாளா!"

அது மூன்று ஹாலுக்கும் கேட்டிருக்கும்.

சிரிப்பு வரவில்லை. ஒரு வினாடி யாருக்கும் புரியவில்லை. அடுத்த வினாடி எல்லோருக்கும் புரிந்தது. மேனேஜர் மடியிலிருந்த குறிப்புத் தாளை மெல்லத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். பேராசிரியர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க இந்த முடிவைப் பாத்ததே இல்லையா?" என்று டைரக்டர் கேட்டார்.

சமாளிக்க டார்ச்சிடம் இன்னும் ஒரு பொய் இருந்தது. வயசாகிவிட்டது, மறந்துபோச்சு என்று சொல்லலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். வேலைகூடத் தப்பினாலும் தப்பும். ஆனால் எதிரே ஐம்பது வயது மனிதன் முன் பெஞ்சுக்காரன் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். இந்த முகத்தை டார்ச்சுக்குத் தெரியும். இடைவேளை முடிந்து டார்ச் அடிக்கும்போது முதல் வரிசையில் திரையைத் தவிர வேறெதையும் பார்க்காத முகங்கள் நாலைந்து இருக்கும். அதில் ஒன்று.

"பாத்ததில்ல சார்" என்றார். "எண்பத்து நாலு காட்சியும் இருந்தேன். முடிவு மட்டும் பாக்கலை. அந்த நேரத்துல திரைக்கு முதுகைக் காட்டிக் கதவுகிட்ட நிப்பேன். இவங்க அட்டையில போட்டது பாதி உண்மை. உங்ககிட்ட வெள்ளைன்னு சொன்னது முழுப் பொய். வேலை போயிடும்னு பயந்து சொன்னேன். நீங்க தப்பா நினைக்காதீங்க. மேடம், நீங்களும்."

மைக்கை மேஜையில் வைத்தார். அது உருண்டு பெரிய சத்தம் போட்டது.

"ஆக, சாட்சியும் போச்சு" என்றார் பேராசிரியர்.

டைரக்டர் அவரைப் பார்க்கவில்லை. திரையில் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணையே பார்த்தார். "இந்த ஷாட்டை நான் பாத்ததே இல்லை" என்றார். "இதே இடத்துல, இதே மூணு மணிக் காட்சி. திரை வெளுத்ததை நான் பாத்தேன். கண்ணு கூசிச்சு. அந்த வெள்ளையை வெச்சுத்தான் இத்தனை வருஷம் படம் எடுத்தேன். அப்ப அது எங்கேருந்துதான் வந்தது?"

கடைசி வரிசையில் ஆபரேட்டர் தலையைச் சாய்த்திருந்தார். டார்ச்சின் மனைவி அவர் காதில் நடந்ததையெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் சட்டென்று நிறுத்திக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபரேட்டர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

"தம்பி, அது படம் இல்லப்பா, வெயிலு! டிக்கெட் கொடுத்த இந்தப் பொண்ணு ஏறுற அஞ்சு நாப்பது பஸ்ஸைப் பிடிக்கணும்னு, இந்தப் படுபாவி தினமும் ரெண்டு நிமிஷம் முன்னாடியே பின்கதவை விரியத் திறந்து போட்டுட்டு ஓடிடுவான். போகட்டும், கல்யாணம் ஆகட்டும்னு நானும் முதலாளிகிட்ட மூச்சு விடலை!"